நீ சொன்ன இரண்டு பெயர்கள்

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் குசினிக்குள் நின்று அந்தத் தூளைத் தண்ணீரில் கரைத்தேன். மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. இதைக் கேட்டால் நீ சண்டைக்கே வருவாய். இறால் மணம், வெற்றிலை மணம், முகத்துக்குப் பூசுகிற பவுடரின் மணம் என்று உனக்கு எத்தனையோ மணங்கள் இருக்க, இந்தக் கேடுகெட்ட மணத்திலா நான் உன்னை நினைக்க வேண்டும்? தேசிக்காயின் எலுமிச்சை வாசத்தைப் போட்டு உப்பை மறைக்கப் பார்த்து, இரண்டும் கெட்டுப்போன மணம் அது. கமராவை விட்டுக் குடலைப் பார்ப்பதற்கு முதல் நாள், குடலைக் கழுவிச் சுத்தமாக்குவதற்கு வைத்தியசாலையில் கொடுக்கிற மருந்து. முதலில் உனக்குக் கரைத்தேன். பிறகு எனக்குக் கரைத்தேன். நேற்று அண்ணனுக்கு.

அண்ணனை உனக்குச் சொல்லத் தேவையில்லை. முறைக்கு உனக்கு மச்சான். இரண்டு வீட்டிலும் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே கிரானில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டோடு போய்விட்டவர். கடைசி வரைக்கும் நீ அவரை 'ஓடின மாப்பிள்ளை' என்றுதான் சொன்னாய். கோபத்தில் சொன்னாயா, பகிடிக்குச் சொன்னாயா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்த ஓடின மாப்பிள்ளை இப்போது மட்டக்களப்பில் வைத்தியசாலையில், என் முன்னால் மூடிக் கிடக்கிற கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். அவருக்கும் இரத்தம் போகிறது. உனக்குப் போனது போலவே.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சாள். வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, கைப்பைக்குள் கிடந்த தாள்களில் இதை எழுதுகிறேன். தபால் கந்தோரில் நாள் முழுக்க மற்றவர்களின் கடிதத்துக்கு முத்திரை குத்துகிறவள், விலாசம் இல்லாத ஆளுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். சிரி. பயத்தைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் என்னைவிடக் கூடப் பயப்படுவார். கீழே ஓட்டோவுக்குள் இருந்து ஏற்கெனவே இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். மகளிடம் சொல்ல மனம் வரவில்லை. நீ என்றால் முதலில் சிரித்துவிட்டு, பிறகு பக்கத்தில் வந்து குந்துவாய்.

சிரித்துச் சிரித்துத்தான் நீ உன் உடம்பு வருத்தத்தை மறைத்தாய். செட்டிபாளையத்தில் வாவிக்கரைத் துறையில் விடியற்காலையிலேயே நிற்பாய். தோணிகள் கரைக்கு வர வர இறாலைப் பார்த்து எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டுச் சந்தைக்கு ஏற்றுவாய். உன்னோடு விலை பேசி வென்ற தோணிக்காரன் ஒருவன்கூட இல்லை. அன்றைக்கு நான் கறிக்கு இறால் வாங்க வந்தேன். நீ பெட்டிக்கு மேல் குந்திக்கொண்டிருந்தாய். முகம் வெள்ளைத் துணி போல் வெளிறிக் கிடந்தது.

"என்னகா, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"சூடு புள்ள. மூலச்சூடு. ஐஸ் பெட்டிக்கு மேல குந்தியும் தணியல்ல எண்டா எவ்வளவு சூடு எண்டு பாத்துக்க."

"ரத்தம் போகுதா?"

"போகுது, நிக்குது, மறுகா போகுது. நம்மட வாவி வாய் மாதிரித்தான். ஒருக்கா திறக்கும், ஒருக்கா மூடும்."

நானும் சிரித்துவிட்டேன். ஊரில் அது மூலம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒருவர் வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒருவர் துத்திக்கீரையை ஆய்ந்து கொண்டுவந்து தந்தார். இன்னொருவர் நண்டு, இறால் இரண்டையும் வாயில் வைக்கக்கூடாது என்றார். "இறால் விக்கிறவ இறால் தின்னக்கூடாதாம், கேட்டயா கதைய" என்று அதையும் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். இரத்தம் கொஞ்ச நாள் நின்றதும் கீரைதான் நிறுத்தியது என்று நம்பினோம். அது தானாக நின்று தானாகப் போகிற சாமான் என்று எங்களுக்குத் தெரியாது.

துறையில் நீ மயங்கி விழுந்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனோம். கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் என் வீட்டில் தங்கினாய். நான் தூளைக் கரைத்துத் தர, நீ மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாய். "இது மருந்தில்லகா, வாவித் தண்ணிக்குள்ள தேசிக்காய் விழுந்திட்டு" என்றாய். அடுத்த நாள் டொக்டர் எங்கள் இருவரையும் இருத்திவைத்து, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"இது நேத்து வந்த கட்டி இல்ல அம்மா. முதல்ல குடலுக்கு உள்பக்கத்துல சின்னக் காளான் மாதிரி ஒரு தசை முளைக்கும். பொலிப் எண்டு சொல்லுவம். எல்லாப் பொலிப்பும் கெட்டதாகாது. சிலது மட்டும் வருசக்கணக்கா பேசாம இரிந்து போட்டு கெட்ட கட்டியா மாறும். அந்த நேரம் கண்டிருந்தா, கமராவுக்குள்ளால கம்பிச் சுருக்குப் போட்டு அங்கேயே எடுத்திருக்கலாம்."

"அப்பிடி எடுத்தா வலிக்குமா டொக்டர்?" என்று கேட்டாய்.

"வலிச்சே இரிக்காது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஒரு பகிடியும் விடவில்லை. உன்னை அப்படி நான் முன்னமும் கண்டதில்லை, பின்னமும் கண்டதில்லை. வீட்டு வாசலில் இறங்கின பிறகுதான் வாய் திறந்தாய். "அம்மாக்கும் வயித்துக்குள்ள இதுதான் புள்ள" என்றாய். உன் அம்மா, என் மாமி, வயிற்றுப் புண்ணால் செத்ததாகத்தான் எங்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. கட்டி என்று வெளியில் தெரிந்தால் தாய்வழிக் குடியிலேயே அந்த வருத்தம் இருக்கிறது என்று பேச்சு வரும், கலியாணம் பேச வருகிறவர்கள் வாசலோடு திரும்பிப் போவார்கள் என்று பெரியவர்கள் மூடிவிட்டார்களாம். அப்போது நீ கலியாணம் ஆகாத பெண். உன் நன்மைக்குத்தான் மூடினார்கள். உன்னிடமும் பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

ஒப்பரேசன் முடிந்து நீ வாட்டில் கிடந்தபோது அந்தத் தாதி வந்தாள். காத்தான்குடிப் பிள்ளை, சின்ன முகம், பெரிய குரல். வைத்தியசாலையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்கிறார்களாம். இந்த வருத்தம் வந்தவர்களின் இரத்த உறவுகளைக் கூப்பிட்டு, நோய் ஆகும் முன்பே பொலிப்பைக் கண்டுபிடித்து எடுத்தால் எவ்வளவு பேரைக் காக்கலாம், எந்த முறையில் பார்த்தால் கூடக் கண்டுபிடிக்கலாம் என்று பார்க்கிறார்களாம். உன் கட்டியில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டாள்.

"வச்சுக்க மகள். நான் எட்டாம் வகுப்போட நிண்டவ. என்ட குடலெண்டாலும் கம்பஸ் படிக்கப் போகட்டும்" என்றாய். பக்கத்துக் கட்டில் மனுசிகூடச் சிரித்தாள்.

பிறகு அவள் இரத்த உறவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். உனக்குப் பிள்ளையும் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருவரும் இல்லை என்று நீ சொல்லியிருக்கலாம். நீ என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு பெயர்களைச் சொன்னாய். ஒன்று என்னுடையது. மற்றது ஓடின மாப்பிள்ளையுடையது.

சூப் கோப்பை என் கையில் இருந்தது. அவள் போனதும் நான் உன்மேல் பாய்ந்தேன்.

"எங்கட பேர என்னத்துக்குக் குடுத்தாய்? இது உங்கட குடியில உள்ள வருத்தம். நானும் அண்ணனும் வேற குடி."

யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரிந்த கணக்கு அது. தாய் எந்தக் குடியோ, பிள்ளை அந்தக் குடி. எங்கள் அப்பா உன் அம்மாவின் கூடப்பிறந்த தம்பிதான். ஆனால் அவர் எங்கள் அம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். கோயிலில் உங்கள் குடிக்கு ஒரு நாள் பூசை, எங்கள் குடிக்கு இன்னொரு நாள் பூசை. நல்லதும் கெட்டதும் அந்த வழியில்தான் இறங்கும் என்று நான் முழு மனதோடு நம்பினேன். சூப்பைக் குடித்து முடித்துவிட்டு நீ சொன்னாய்:

"பூசதான் கா வேற வேற. ரத்தம் ஒண்டு. உன்ட அப்பாவும் என்ட அம்மாவும் ஒரு வயித்துல கிடந்தவங்க. மாமாவ ஆயுசு முடியுமட்டும் இரிக்க விட்டிருந்தா, அவருக்கு என்ன வந்திருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

அப்பாவைச் சண்டைக்காலம் கொண்டுபோனது. அவருடைய வயிற்றுக்குள் ஏதாவது முளைப்பதற்கு அந்தக் காலம் அவகாசம் கொடுக்கவில்லை. நீ அதைத்தான் சொன்னாய். எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் இன்னும் கோபம் வந்தது. கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறேன், எங்களுக்கு ஒன்றும் வராது என்று எழும்பினேன்.

"அம்மன் வேணாமெண்டு நான் சொல்லல்ல. நேர்த்தியும் வை, குடலையும் காட்டு."

அதற்குப் பிறகு நீ இருந்தது கொஞ்சக் காலம். மருந்து ஏற்ற ஏற்ற உன் கைகள் சுள்ளியாகிக்கொண்டு வந்தன. சந்தைக்கே கேட்கும் உன் குரல் பக்கத்தில் குனிந்தால்தான் கேட்டது. ஆய்வைப் பற்றி நீ திருப்பிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. நீ போன அன்று துறையில் இருந்து தோணிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். உன்னோடு விலை பேசித் தோற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலியோரம் நின்றார்கள்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் கந்தோரில் இருக்கும்போது போன் வந்தது. அதே பெரிய குரல். மச்சாள் உங்கள் பெயரைச் சொல்லியிருந்தார், ஆய்வைப் பற்றிக் கதைக்கலாமா என்றாள். முன்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

"எங்கட குடியில ஆருக்கும் அப்பிடி வருத்தம் இல்ல" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. சிரித்தாள்.

"எங்கட ஊர்லயும் அப்பிடித்தான் அக்கா. குடும்பத்துல ஆருக்கும் இரிந்ததா எண்டு கேட்டா உம்மாட குடிய மட்டும்தான் சொல்லுவாங்க. வாப்பாட ஆக்கள் ஆரோ பிற ஆக்கள் மாதிரி. முதல் முதல் நானும் அப்பிடியே கேட்டு எழுதி, பாதிப் பேர விட்டுப் போட்டன். இப்ப வாப்பாட பக்கத்தத் தனியாக் கேப்பன். சொல்லுங்க அக்கா, உங்கட அப்பாட பக்கம்?"

அப்பாவின் பக்கம் மாமி. மாமியின் பக்கம் நீ. எனக்கு இனித் தப்ப வழியில்லை. சரி, வருகிறேன் என்றேன். சொன்ன உடனேயே எப்படி வராமல் விடலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். வயிறு பொருமினால் கட்டி. பொருமாவிட்டால் பேசாமல் இருக்கிற கட்டி. காலையில் கழிவறைக்குப் போகவே பயம். பீட்ரூட் கறி தின்றதை மறந்துபோய், அடுத்த நாள் சிவப்பைக் கண்டு அலறி வீட்டுக்காரரை எழுப்பினேன். நீ இருந்திருந்தால் அந்தக் கதையைச் சந்தை முழுக்கக் கொண்டுபோயிருப்பாய். படுத்திருக்கும் மகளின் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு இருந்தால் இவளுக்கும் இறங்குமே என்று எழும்பிக் குந்துவேன். எங்கள் கணக்குப்படி அவள் என் குடி, என் வழி. அவ்வளவு காலமும் பெருமையாகச் சொன்ன சொல் அது. இப்போது அதை நினைக்கவே எனக்குப் பயம்.

தாதி ஆய்வை விளங்கப்படுத்தினாள். வருகிறவர்களில் ஒரு பகுதியினரின் குடலைச் சாதாரண வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மற்றப் பகுதிக்கு உள்ளே நீலச் சாயம் தெளித்துப் பார்ப்பார்கள். வெள்ளை உடுப்புக்கு நீலம் போட்டால் மடிப்புகள் தெரிவது போல, தட்டையாகப் படுத்திருக்கிற பொலிப்பின் ஓரம் அதில் தெரியுமாம். எந்தப் பக்கம் விழும் என்று கொம்பியூட்டர்தான் குலுக்கிப் போடும். போடும் வரைக்கும் அவளுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

"என்ட குடலுக்குச் சீட்டுக் குலுக்குறயா மகள்?" என்று கேட்டேன். "ஆரையும் பிடிச்சு நீலப் பக்கம் போட ஏலாதா? தபால் கந்தோர்ல எங்கட பெரியவருக்கு மேலிடத்துல ஆள் இரிக்கி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"நீலம்தான் நல்லமெண்டு நிச்சயமாத் தெரிஞ்சா எல்லாருக்கும் அதத்தானே அடிப்பம் அக்கா. தெரியாதபடியாலதான் பாக்கிறம். ஆளப் பிடிச்சுப் போட்டா மறுகா அது ஆய்வே இல்ல. வெறும் வெளிச்சத்துலயும் டொக்டர் ஒள்ளமும் விடாமப் பாப்பார். விருப்பமில்லாட்டி எப்பவும் விலகலாம், ஒருத்தரும் கோபிக்க மாட்டம்."

விலகலாம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் கையெழுத்து வைத்தேன். எனக்கு விழுந்தது வெறும் வெளிச்சம். அன்று அழுதேன். மருந்து கரைக்கும்போது அழுதேன், குடிக்கும்போதும் அழுதேன். கண்ணீரும் அந்தத் தண்ணீரும் ஒரே ருசி. மயக்கத்துக்கு ஊசி போட்டபோது, 'மச்சாள், வாறன்' என்று சொன்னேனாம். தாதி பிறகு சொன்னாள். அவள் பயந்துபோனாளாம்.

ஒன்று இருந்தது. பயறு அளவு. கண்டதும் எடுத்துவிட்டார்கள். வலிக்கவே இல்லை, மச்சாள். உன் டொக்டர் சொன்னது உண்மைதான். எடுத்ததைச் சோதிக்க அனுப்பிவிட்டு, பதில் வரும் வரைக்கும் போகச் சொன்னார்கள். அந்த நாட்களில் நான் ஆளாக இருக்கவில்லை. கந்தோரில் முத்திரையை மாறிக் குத்தினேன். கறிக்கு உப்பு இரண்டு தரம் போட்டேன். பதில் வந்தது. கெட்டதாக மாறக்கூடிய வகை, ஆனால் இன்னும் மாறவில்லை. இனிக் காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டும், அடுத்த முறை நீலச் சாயமும் அடிப்போம் என்றார்கள். மகளைக் கேட்டேன். அவளுக்கும் பார்க்க வேண்டும், அவசரமில்லை, வயது வரும்போது நாங்களே கூப்பிடுவோம் என்றார்கள். பிறகு தாதி கேட்டாள், மச்சாள் சொன்ன மற்றப் பெயர் உங்கள் அண்ணன்தானே, அவர் ஏன் போனைத் தூக்குகிறார் இல்லை என்று.

நான் கிரானுக்குப் போன் எடுத்தேன். கத்தினார். "உனக்கு விசர் பிடிச்சிட்டா? நல்லா இரிக்கிற மனிசனுக்கு வருத்தம் தேடுற. என்ட பிள்ளையள் பொஞ்சாதிட குடி, அவங்களுக்கு ஒண்டும் வராது" என்று போனை வைத்துவிட்டார். நான் உன்மேல் பாய்ந்த அதே பாய்ச்சல். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் உன்னைப் போல் ஒரே வரியில் அடித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன அறுவடை முடிந்து புதுஅரிசி மூட்டையோடு வந்தார். வயல் வட்டையில் நல்ல விளைச்சலாம். சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போனவர் கிணற்றடியில் நின்றுகொண்டு, பெரிய சங்கதி இல்லை என்பது போல் சொன்னார்:

"புள்ள, ட்ரக்டர்ல இரிந்து இரிந்து மூலம் வந்திட்டு. அந்தத் துத்திக்கீர இஞ்சால கிடந்தா ஒள்ளம் ஆஞ்சு தா."

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு காலம் என்று கேட்டேன். கனநாள் என்றார். போகும், நிற்கும், மறுகா போகும் என்றார். அதே சொற்கள், மச்சாள். துறையில் நீ சொன்ன அதே சொற்கள்.

நான் கீரை ஆயவில்லை. தாதிக்குப் போன் எடுத்தேன். ஆய்வில் சேர்த்துக்கொள் என்றேன். அவள் பேச்சின் வேகம் குறைந்தது.

"இரத்தம் போறவங்கள ஆய்வுக்கு எடுக்க ஏலாது அக்கா. அது ஒண்டும் இல்லாத ஆக்களுக்கு. இவர டொக்டர் நேர பாக்கணும். நாளைக்கே கூட்டி வாங்க."

ஆய்வுக்குக்கூட வேண்டாத ஆள் என்றதும் என் பயம் இரண்டு மடங்கானது. அண்ணன் வரமாட்டேன் என்றார். அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கடைசியில் உன் பெயரைச் சொன்னேன். வாட்டில் கிடந்துகொண்டு மச்சாள் இரண்டு பெயர் சொன்னாள், ஒன்று உங்களுடையது என்றேன். அவருக்கு அது தெரியாது. "என்ட பேரையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சம்மதித்தார்.

நேற்று மருந்தை ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தார்.

"அவவும் இதத்தான் குடிச்சவவா?"

"ஓம்."

"ஒண்டும் சொல்லல்லயா?"

"வாவித் தண்ணிக்குள்ள தேசிக்காய் விழுந்திட்டு எண்டா."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பயமா அண்ணன் என்று கேட்டேன். "எனக்கென்ன பயம்? யானை வாற வட்டைக்குள்ள காவலுக்குப் படுக்கிறவன் நான்" என்றார். கோப்பையை வாயருகே கொண்டுபோய்த் திரும்ப மேசையில் வைத்தார். நான் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அவர் உள்ளே. எனக்குப் பார்த்தபோது இவ்வளவு நேரம் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். மயக்கத்தில் இருந்தவளுக்கு நேரம் எப்படித் தெரியும்? தாதி ஒருத்தி அவசரமாக உள்ளே போனாள். எதற்கு? கதவின் கண்ணாடியில் கடதாசி ஒட்டியிருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. உனக்கும் நேரம் எடுத்தது. அன்றைக்கும் ஒருத்தி இப்படித்தான் உள்ளே ஓடினாள். என்னால் எழுத முடியவில்லை, மச்சாள். கூப்பிடுகிறார்கள்.

மிச்சத்தை வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

பெரியதுதான். டொக்டர் படத்தைக் காட்டினார். நான் பாதிக் கண்ணால் பார்த்தேன். காம்போடு தொங்கிக்கொண்டு, செக்கச் சிவந்துபோய் இருந்தது. காம்பு இருந்தபடியால் கம்பிச் சுருக்குப் போட்டு முழுதாக எடுக்க முடிந்ததாம். இரத்தம் நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் நேரம் எடுத்ததாம். "றிப்போட் வரட்டும் அம்மா. வர முதல் நான் ஒண்டும் சத்தியம் பண்ண மாட்டன். ஆனா வேளைக்கு வந்திட்டார் எண்டுதான் எனக்குப் படுது" என்றார். நான் அவரைக் கும்பிட்டேன். பிறகு அந்தத் தாதிப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவள் இன்று வேறு வேலையில் இருந்தவள். எங்களுக்காக மேலே ஏறி வந்திருந்தாள். றிப்போட் வரும் வரை இனியும் எனக்கு நித்திரை இல்லை. முத்திரை மாறி விழத்தான் போகிறது.

அண்ணனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மயக்கம் சரியாகத் தெளியவில்லை. என் தோளில் சாய்ந்திருந்தார். சின்ன வயதுக்குப் பிறகு அவர் என்மேல் சாய்ந்தது இதுதான் முதல் தரம். கல்லடிப் பாலம் கடக்கும்போது கண்ணைத் திறந்தார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தார். பசிக்கிறதா என்று கேட்டேன்.

"புள்ள, மாமி செத்தது இதாலதான் எண்டு பெரியாக்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப மச்சாளுக்கும் வரலாமெண்டு ஒருத்தரும் சொல்லல்லயா? ஒருத்தரும் கூட்டிப் போய்க் காட்டல்லயா?"

வீட்டுக்காரர் ஓட்டோவை மெதுவாக்கினார். அவரும் பதிலைக் கேட்கக் காத்திருந்தார் போலும். என்னிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தன. அப்போது இந்த ஆய்வு இல்லை. சண்டைக்காலம், பாதை இல்லை. ஊர் வாய்க்குப் பயம். கலியாணம் ஆகாத பெண் என்ற பயம். எல்லாம் உண்மை. நான் அவர் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டேன். அவர் அழுதார், மச்சாள். உன் மரணவீட்டில் நிமிர்ந்து நின்ற மனிதர் ஓட்டோவுக்குள் என் தோளில் கிடந்து அழுதார்.

எனக்கு நீ இருந்தாய். அவருக்கும் நீ இருந்தாய். உன் பெயரை எடுத்துச் சொல்ல மட்டும் ஒருவரும் இருக்கவில்லை.